நெகிழ்த்து விட்ட கயிறு

பிளாரன்ஸ் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். சைக்கிள் ரிக்ஷா எங்கள் சந்துக்குள் நுழையாது. முக்கிலேயே இறங்கி, ஒரு கையால் இடுப்பையும் இன்னொரு கையால் புருஷன் ரோச்சின் தோளையும் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். வாசலில் நின்றதும் மூக்கைப் பொத்தினாள்.

"என்னப்பா, இன்னும் அந்த நாத்தம் போவலையா?"

அது சங்கு நாற்றம். என் அப்பா காலத்தில் உள்ளறையில் சங்கு குவித்து வைப்பார்கள். உள்ளே இருக்கும் சதை அழுகித்தான் சங்கு சுத்தமாகும். அறையைக் கழுவி வெள்ளையடித்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் மழை ஈரம் பட்டால் சுவரிலிருந்து அந்த வாடை கிளம்பும். அறைக்கு ஜன்னல் கிடையாது. கனத்த கதவு ஒன்று. தெருப்பக்கச் சுவரில் காற்றுக்காக, கைமுட்டி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அவ்வளவுதான்.

"ஏளா, பொறந்த வீடு நாறுதோ ஒனக்கு? மாமியா வீட்டுல அத்தர் தெளிச்சு வச்சிருக்காவளாக்கும்?" என்றாள் என் அக்காள் ஆக்னஸ். என் மனைவி காய்ச்சலில் போனபிறகு பிளாரன்ஸை வளர்த்தவள் அவள்தான்.

பிளாரன்ஸ் சிரித்தாள். சிரிக்கும்போது வயிற்றை மறந்துவிட்டால் அவள் சின்னப் பிள்ளைதான். பதினைந்து வயது. யாராவது கேட்டால் பதினெட்டு என்று சொல்லச் சொல்லியிருந்தேன்.

ஏன் அந்த வயதில் கட்டிக் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். எனக்கு ஆண் பிள்ளை இல்லை. ரோச் நல்ல சங்கு குளிகாரன், ஒரு மூச்சில் எட்டுப் பாகம், கிட்டத்தட்ட ஐம்பது அடி ஆழம் இறங்குவான். விட்டால் வேறு வீட்டுக்காரன் கொண்டுபோய்விடுவான் என்று அவசரப்பட்டேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குளிகாரன் கீழே இறங்கினால் மேலே வள்ளத்தில் அவன் கயிற்றைப் பிடிப்பவன் பெண்டாட்டி வழி ஆளாக இருக்க வேண்டும். மச்சானோ மாமனோ. தன் வீட்டுப் பெண் தாலியறுக்க எவனும் விடமாட்டான் என்கிற கணக்கு. நான் முப்பத்தைந்து வருஷம் கயிறு பிடித்தவன். ரோச்சுக்கும் நான்தான் பிடித்தேன்.

கயிற்றில் இரண்டே பேச்சுதான். குளிகாரன் ஒரே ஒரு நீள இழுப்பு இழுத்தால், தூக்கு என்று அர்த்தம். வெட்டி வெட்டி இழுத்தால், கயிறு கடலடியில் கல்பார்ப் பாறையில் சிக்கிக்கொண்டது, நெகிழ்த்து விடு என்று அர்த்தம். அப்போது தூக்கினால் கயிறு அறுந்துபோகும், ஆளும் போவான். இதைக் கை படித்துக்கொள்ள வேண்டும். தலை யோசித்தால் தாமதமாகிவிடும்.

என் கை நன்றாகப் படித்திருந்தது.

தை மாதக் கடைசியில் பிளாரன்ஸின் கால் வீங்கியது. பிறகு கை. கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்து கழற்ற முடியவில்லை. முகம் உப்பி, கண் சிறுத்துப்போனது. "முத வயிறுல்லா, நீர் வைக்கத்தான் செய்யும்" என்றாள் அக்காள். தெருப் பெண்களும், பிள்ளை நல்ல ஊட்டமாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம்தான் நர்ஸ் சங்கரம்மாள் வந்தாள். ஆற்றங்கரை ஊர்க்காரி, கறுத்த மெலிந்த பெண். வெயிலில் நடந்தே தெருத் தெருவாக வருவாள். தோள்பையில் பிரஷர் பார்க்கிற பெட்டி. பிளாரன்ஸின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். இறக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"வயசு என்னம்மா?"

"பதினெட்டு" என்றேன் நான்.

"நான் பிள்ளையக் கேட்டேன் அண்ணாச்சி."

பிளாரன்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். "பதினெட்டு" என்றாள்.

சங்கரம்மாள் பெருமூச்சு விட்டாள். "பிரஷர் ரொம்பக் கூடியிருக்கு. சின்ன வயசு, முத பிரசவம். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரில சேக்கணும். நாளைக்குன்னு வைக்கக் கூடாது."

அது எழுபத்தாறாம் வருஷம். ஜீப் சத்தம் கேட்டால் எங்கள் தெரு ஆண்கள் கடற்கரைக்கு ஓடிப்போய் வள்ளத்துக்குள் படுத்துக்கொள்வார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசனுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று பேச்சு. பிரசவத்துக்குப் போகிற பெண்ணுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் அறுத்து அனுப்புகிறார்கள் என்றார்கள். நான் கண்ணால் பார்த்ததில்லை, கேட்டதுதான். ஆனால் சர்க்கார் பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறவர்களை நான் எந்தக் காலத்திலும் நம்பினதில்லை.

"நர்ஸம்மா, ஒங்களுக்குக் கேசு கொறையுதுன்னா வேற தெருவப் பாருங்க" என்றேன்.

"நான் கேசு புடிக்க வரல. தலவலி வந்தா, கண்ணுல பூச்சி பறந்தா, வயித்து மேப்பக்கம் வலிச்சா ஒடனே தூக்கிட்டு வாங்க. அதுக்கு மேல போச்சுன்னா அண்ணாச்சி, கையும் காலும்..."

நான் கதவைச் சாத்தினேன்.

அவள் சொல்லி முடிக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றிருந்தாள். பிறகு செருப்புச் சத்தம் சந்தில் தேய்ந்துபோனது.

சனிக்கிழமை தலைவலி வந்தது. பிளாரன்ஸ் இரண்டு தரம் வாந்தி எடுத்தாள்.

"அப்பா, கண்ணுக்குள்ள மினுமினுன்னு ஓடுது. கரையில நண்டுக் குஞ்சு ஓடுத மாதிரி."

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. உண்மையைத்தான் சொல்கிறேன். ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த நோய். ஆழம் போய் வருகிற குளிகாரனுக்குத் தலை பிளக்கும், வாந்தி வரும், கண்ணில் மின்னும். இருட்டறையில் படுக்கப் போட்டு, வெளிச்சமும் சத்தமும் படாமல், சூடான உப்பு மூட்டையைப் பிடரியில் வைத்து ஒத்தடம் கொடுத்தால் இரண்டு நாளில் எழுந்துவிடுவான். எத்தனையோ பேருக்கு நானே பார்த்திருக்கிறேன். இவள் குளிகாரன் பெண்டாட்டி, குளிகாரன் பேத்தி. இரத்தத்தில் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

உள்ளறையில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தேன்.

"இருட்டு பயமாருக்குப்பா. நாத்தமும் கொடலப் பொரட்டுது."

"நான் வெளியதான இருக்கேன்."

"நான் கூப்பிட்டாக் கேக்குமா?"

கதவு கனம், அவள் குரலும் தேய்ந்திருந்தது. கேட்காது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் கயிற்றை எடுத்து வந்தேன். அவள் தாயின் நீலச் சேலையில் ஒரு துண்டு கிழித்து, மணிக்கட்டு வலிக்காமல் சுற்றி, அதன்மேல் கண்ணி போட்டேன். மறுமுனையைத் துவாரம் வழியாகத் தெருப்பக்கம் விட்டேன். அவளுடைய சின்ன வயதில் கடற்கரையில் நாங்கள் இருவரும் விளையாடிய விளையாட்டு அது. கரையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பேன், அவள் மணலில் புரண்டு சங்கு பொறுக்குவாள்.

வீங்கின முகத்தோடு சிரித்தாள்.

"ஒரு நீள இழுப்பு இழுத்தா தூக்கிருவீங்களா?"

"தூக்காம? வண்டியப் புடிச்சு நேரா ஆஸ்பத்திரிதான்."

"நர்ஸம்மாவ ஏசி வெரட்டினீங்களே?"

"நீ இழு பிள்ள. ஏசின வாயாலேயே அவகிட்ட மன்னிப்புக் கேக்கேன்."

மறுநாள் ஞாயிறு. அக்காளும் ரோச்சும் பூசைக்குப் போனார்கள். கதவைத் திறந்தால் வெளிச்சம் பட்டுவிடும் என்று நான் உள்ளே போகவில்லை. தெருப்பக்கம் சுவரோரம் ஒரு பெட்டியைப் போட்டு, கயிற்றை இடது உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தேன். நல்ல வெயில். சந்தில் ஒருவரும் இல்லை. ஒரு கோழி மட்டும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. கோயிலில் பாட்டு கேட்டது.

பாட்டு நின்றது.

கயிறு அசைந்தது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீள இழுப்புக்காகக் காத்தேன்.

வெட்டி வெட்டி இழுத்தது. சின்னச் சின்ன இழுப்பு. வேகமாக. நிற்காமல்.

என் கை, தானாக, ஒரு முழம் நெகிழ்த்து விட்டது.

மறுபடியும் இழுத்தது. இன்னும் வேகமாக. கயிறு துவாரத்தின் விளிம்பில் உரசிச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

இன்னொரு முழம் விட்டேன்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. புரண்டு படுக்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் தரம். நான் கயிறு முழுவதையும் விட்டேன்.

அடங்கிவிட்டது. கோயில் மணி அடித்தது. நான் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன். பிள்ளை தூங்கிவிட்டாள், இனிச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பூசை முடிந்து வந்த அக்காள்தான் கதவைத் திறந்தாள். அவள் கத்தவில்லை. மெதுவாகக் கூப்பிட்டாள்.

"தம்பி... ஏல தம்பி... இங்கன வா."

பிளாரன்ஸ் நாக்கைக் கடித்திருந்தாள். தலையணை எல்லாம் இரத்தம். கண் பாதி திறந்திருந்தது. மூச்சு மட்டும் குறட்டை போல வந்துகொண்டிருந்தது. கயிறு கட்டிலைச் சுற்றி, அவள் காலைச் சுற்றி, தரையெல்லாம் கிடந்தது. நான் விட்ட கயிறு.

ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதைச் செய்தார்கள். நான் பயந்தபடி யாரும் எதையும் அறுக்கவில்லை. ஒரு டாக்டரம்மா தன் கழுத்துச் சங்கிலி தொங்கத் தொங்க அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். மூன்று மணிக்கு முடிந்துபோனது. வயிற்றுப் பிள்ளை அதற்கு முன்பே உயிரில்லாமல் பிறந்திருந்தது. ஆண் பிள்ளை.

சேதி கேட்டுச் சங்கரம்மாள் வந்திருந்தாள். என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை.

"அன்னைக்கு நான் சொல்லி முடிக்கல அண்ணாச்சி. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும், அப்ப ஒரு நிமிசம் நிக்கக் கூடாதுன்னு சொல்ல வந்தேன். எத்தன தடவ இழுத்துச்சு?"

"நான் பாக்கல" என்றேன்.

பக்கத்தில் ரோச் நின்றான். "கயிறு கட்டி வச்சிருந்தீங்களே மாமா?"

"அசையல."

அவன் நம்பினான்.

மணிக்கட்டில் இருந்த கண்ணியை அவிழ்க்க முடியவில்லை. சதை அவ்வளவு வீங்கியிருந்தது. முடிச்சுக்கு ஒரு சாண் தள்ளிக் கயிற்றை வெட்டினேன். நீலத் துணியோடு, ஒரு சாண் கயிற்றோடு, பிள்ளையை மார்பில் வைத்து, இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் புதைத்தோம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ரோச் கடலுக்குப் புறப்பட்டான். என்னைக் கூப்பிட்டான். நான் மாட்டேன் என்றேன். அவன் உள்ளே போய் அந்தக் கயிற்றையே எடுத்து வந்தான். "அவ கடைசியாத் தொட்ட கயிறு மாமா. இதுதான் வேணும்."

வெட்டின முனையில் புதுக் கண்ணி போட்டு அவன் மணிக்கட்டில் மாட்டினேன்.

வள்ளத்துக்காரன் பவுல் வாய் சும்மா இருக்காது. "ஏலே ரோச், பொண்டாட்டியே போயாச்சு. இன்னும் மாமன் கையிலயா உசிரக் குடுக்க?"

"மாமா கைய எனக்குத் தெரியும்" என்றான் அவன். ஆழத்துக்கு இழுத்துப்போகும் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கினான்.

காலை ஒன்பது மணி. காற்று இல்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. கொஞ்ச தூரம் வரை அவன் முதுகு தெரிந்தது, பிறகு பச்சை இருட்டு.

கயிறு வெட்டி வெட்டி இழுத்தது.

நான் நெகிழ்த்து விடவில்லை. வெறி பிடித்தவன் போல இழுத்துத் தூக்கினேன். ரோச் மேலே வந்து இருமினான். "என்ன மாமா! இப்பத்தானே தரையத் தொட்டேன்! நான் இழுக்கவே இல்லியே!"

பவுல் சிரித்தான். "கெழவனுக்குக் கை நடுங்குது."

இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் தூக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ரோச் கண்ணியைக் கழற்றிவிட்டுத் தானாக நீந்தி மேலே வந்தான். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, வலைப்பையை என் காலடியில் வைத்தான். இரண்டு மணிக்கட்டிலும் கயிறு இல்லை.

கயிறு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

சின்னச் சின்ன இழுப்பு. வேகமாக. நிற்காமல்.

பவுல் சிரிப்பை நிறுத்தினான்.

ரோச் கயிற்றைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான்.

"கீழ யாரு மாமா?"

உள்ளங்கையில் கயிறு துடித்தது. சுவரில் சுண்ணாம்பு உதிர்கிற வாசம் கடலுக்கு நடுவே என் மூக்கில் அடித்தது. பிறகு அழுகின சங்கின் வாடை.

"அன்னைக்கு அசைஞ்சுது" என்றேன். "மூணு தடவ. இப்படித்தான் இழுத்துச்சு. சிக்கிக்கிட்டுன்னு நெனச்சு நான்... நெகிழ்த்து விட்டேன் ரோச். மூணு தடவையும் விட்டேன்."

அவன் வள்ளத்தில் ஏறினான். என்னைத் தள்ளிவிடுவான் என்று நினைத்தேன், தள்ளியிருந்தால் நான் நீந்தியிருக்க மாட்டேன். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றில் கை வைத்தான்.

"தூக்குங்க" என்றான்.

இரண்டு பேரும் இழுத்தோம். கனம் இருந்தது. ஒரு பாகம், இரண்டு பாகம் என்று எண்ணினேன். ஏழாவது பாகத்தில் கனம் சட்டென்று போய்விட்டது. கடைசி முனை தண்ணீரைவிட்டு மேலே வந்தது.

நான் போட்ட புதுக் கண்ணி அதில் இல்லை.

பழைய கண்ணி இருந்தது. நீலத் துணி சுற்றினது. கயிற்றில் வெட்டின அடையாளமே இல்லை.

ரோச் அதைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். நானும் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு ஆழத்துத் தண்ணீரில் கிடந்தது, காய்ச்சல்காரி உடம்பு போலச் சுட்டது.

அதற்குப்பின் ரோச் சங்கு குளிக்கப் போகவில்லை. புதுத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை கோயில் வாசலில் நின்று, "அவ ஒங்களத்தான் கூப்பிட்டிருக்கா" என்றான். அதோடு சரி.

நான் சங்கரம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நீலத் துணியையும் காட்டினேன். அவள் அதைப் பார்த்துக் கும்பிட்டாள், பேய் பிசாசு என்று ஒன்றும் பேசவில்லை. "அடுத்த சந்துல பேபின்னு ஒரு பிள்ள இருக்கா. பதினாறு வயசு, முத வயிறு. தகப்பன் கதவத் தொறக்க மாட்டேங்கான். நீங்க வாரீங்களா?" என்றாள்.

போனேன். "ஏலே, கதவத் தொறக்கியா, நான் ஒடைக்கட்டுமா?" என்றேன். என் சத்தத்துக்குத் திறந்தான். அந்தப் பிள்ளையும் அவள் குழந்தையும் இருக்கிறார்கள். அதனால் என் கணக்கு ஒன்றும் நேராகிவிடவில்லை, அது எனக்குத் தெரியும்.

கயிற்றைத் திரும்பவும் துவாரத்தில் மாட்டிவிட்டேன். கண்ணி உள்ளே கட்டில் மேல். மறுமுனை வெளியே என் கையில். பைத்தியம் என்று அக்காள் அழுதாள். ஒவ்வொரு ஞாயிறும் பூசை நேரத்தில் கயிறு வெட்டி வெட்டி இழுக்கும். ஒவ்வொரு தரமும் நான் ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன். வெறும் கட்டில் கிடக்கும். தரையில் மட்டும் ஈரக் கால்தடம் இருக்கும். கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் வந்து, கதவுக்கு உள்பக்கமே நின்றிருக்கும். வீங்கின கால். விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, அச்சு அகலமாக விழுந்திருக்கும். நக்கிப் பார்த்தேன். உப்புத் தண்ணீர்.

இப்போது அந்தக் கதவைச் சாத்துவதில்லை. ஆணியைப் பிடுங்கிக் கதவையே கழற்றி வைத்துவிட்டேன்.

மாசி பிறந்தால் வருஷம் திரும்புகிறது. நேற்று ஞாயிறு. கயிறு இழுக்கவில்லை. பூசை முடிகிற மட்டும் கையில் சுற்றிக்கொண்டு காத்திருந்தேன். கோழி கிளறுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. இனி வரமாட்டாள் போலிருக்கிறது என்று எழுந்தபோது, ஒரே ஒரு நீள இழுப்பு.

நான் தூக்கவில்லை. கயிற்றைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

தடம் இந்தத் தரம் நிலைப்படியைத் தாண்டியிருந்தது. கூடத்தைக் கடந்து, வாசல் இறங்கி, தெருச்சுவரோரம் நான் உட்கார்ந்திருந்த பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. அதே வீங்கின கால். வீக்கம் வற்றவே இல்லை.

அதன் பக்கத்தில் இன்னொரு தடம். என் கைவிரல் நீளம்கூட இருக்காது. ஒன்று நேராக, ஒன்று கோணலாக, விழுந்து விழுந்து எழுந்தது போல.

இருந்திருந்தால், அவனுக்கு இது நடை பழகுகிற வயது.